கல் கணக்கு

இருநூற்று நாலு மில்லிமீட்டர் என்கிறது டிவி.
வரைபடத்தில் நாங்கள் இருக்கும் மூலை சிவப்பு.
எங்கள் சந்தில் மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது.
போன வருஷம் இரண்டு கல்.
அதற்கு முந்தின டிசம்பர் மூன்றரை,
அந்த அரைக் கல்லில்தான்
வாஷிங் மெஷின் செத்தது.

ஓட்டேரி நல்லாவுக்கும் எங்கள் வாசலுக்கும்
பதினேழு அடி.
ஆனால் தண்ணீர் அந்த வழியாக வருவதில்லை.
மணல் மூட்டை அடுக்கிவிட்டு
எல்லோரும் தெருவைப் பார்த்து நிற்கையில்
அது பின்னால், பாத்ரூம் ஓட்டையில்
ஏப்பம் விடும்.

அதற்கும் முன்னால் கரப்பான்கள்.
மீசையை ஆட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக,
ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல்
சுவரேறிப் போகும்.
அதிலிருந்து ஒரு மணி நேரம்.
வானிலைக்காரர்கள் தவறலாம்,
இவை தவறியதில்லை.

டில்லிபாபு சாயங்காலமே ஆட்டோவை
மேம்பாலத்தில் ஏற்றிவிட்டு
நனைந்து நடந்து வந்தார்.
ஏரியாவே அங்கதான் நிக்குது, என்றார்.
ஆட்டோ, மீன்பாடி வண்டி, இஸ்திரி வண்டி,
சவ ஊர்தி ஒன்று, காலியாக.
அதுக்கு மட்டும் எல்லாரும் தள்ளி நின்னு
இடம் விட்டாங்களாம்.

ஜோயலுக்கு நாளை லீவு.
இந்தச் சந்தில் சந்தோஷமாக இருப்பது அவன் ஒருவன்தான்.
ரேஷன் கார்டு, மார்க் ஷீட், அடகுச் சீட்டு
பிரியாணி டப்பாவில், பரண்மேல்.
கட்டில்மேல் மெத்தை, மெத்தைமேல் மிக்ஸி,
மிக்ஸிமேல் அரிசி மூட்டை.
மிச்சம் ஃப்ரிட்ஜ்.
அதற்கு இன்னும் ஏழு தவணை இருக்கிறது.

நாலு கால். காலுக்கு மூன்று கல்.
பன்னிரண்டு வேண்டும், கையில் பதினொன்று.

கல்லெல்லாம் கோட்டீஸ்வரி வீட்டுக் கல்.
கால்வாயை அகலப்படுத்துகிறோம் என்று
அவள் வரிசையை இடித்த அன்று
லாரி வருவதற்குள் நாங்கள் பொறுக்கியவை.
அவளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், எட்டாவது மாடி.
பன்னிரண்டாவது கல் பரண்மேல் தனியாக இருக்கிறது.
ஒரு பக்கம் நீலப் பூச்சு,
பூச்சில் பேனாக் கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில் 'ஷீலா 4 வயசு'.

பலகை வைத்துப் பார்த்தேன், ஆடியது.
ஜோயலின் பழைய நோட்டுகளைக் கட்டி வைத்தேன்,
நசுங்கியது.
பத்தரைக்கு அவளே போன் செய்தாள்.
இங்க தண்ணி ஏறாது, லிஃப்ட்தான் நின்னுபோச்சு,
கீழ பார்த்தா ஏரி மாதிரி இருக்கு, என்றாள்.
அங்க எத்தினி கல்லு?
இன்னும் வரலடி, என்றேன். ஒரு கல் குறையுது.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது,
அவள் பக்கத்து மழையா, என் பக்கத்து மழையா.
வெய்டி, என்றாள். செங்கல்லுதான.

வைத்தேன். மூன்றாவதாக, மேலே,
எழுத்து சுவரைப் பார்க்க.

இரண்டு நாற்பதுக்குக் கரப்பான்கள் ஏறின.
கரண்டை நிறுத்தினார்கள்.
இருட்டில் தண்ணீருக்கு நிறம் இல்லை,
நாற்றம் மட்டும் முழங்கால்வரை வந்தது.
மொபைல் வெளிச்சத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஒன்று.
ஒன்றரை.
இரண்டு.
ஜோயல் அரிசி மூட்டைமேல் தலைவைத்துத் தூங்கினான்.
இரண்டேகால்.
அதற்குமேல் போனில் சார்ஜ் இல்லை.

விடிந்தபோது வடிந்திருந்தது.
தரையெல்லாம் கறுப்புப் பாயசம்.
ஃப்ரிட்ஜ் நிற்கிறது.
அந்தக் கோடு நனைந்ததா என்று
தூக்கிப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும்.
டில்லிபாபு ஆட்டோ எடுக்கப் போயிருக்கிறார்.
வியாழக்கிழமை இன்னொரு தாழ்வழுத்தம் என்கிறாள்
எதிர்வீட்டு ஜரினா.
துடைப்பத்தை எடுத்தேன்.
கல்லை எடுக்கவில்லை.